தோட்டத்துச் சாரையும் சங்கத்துக் கணக்கும்

எருக்குழி, விதைத் தேர்ச்சி, கோழி வளர்ப்பு, கிணற்றைச் சுத்தமாய் வைத்துக்கொள்ளுதல் முதலியவற்றைப் பற்றிச் சங்கத்து அங்கத்தினர்கள் எத்தனையோ பாடங்களைப் படித்திருக்கிறார்கள். பாம்பைப் பற்றிக் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவன் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று அவர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆதலால் இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு சங்கத்தின் இருப்புக் கணக்கைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கிடங்கிலுள்ள விதைநெல் மூட்டைகளை எண்ணிப் பதிவேட்டுடன் ஒத்துப் பார்த்ததில் மூன்று மூட்டை குறைந்தது. காரியதரிசி சிறிதும் தயங்காமல் பதிவேட்டின் கடைசிக் கலத்தைத் தொட்டுக் காட்டினார். "எலிச் சேதம், மூட்டை மூன்று" என்று எழுதியிருந்தது. பிற்பகலில் சில்லறைச் செலவு ரசீதுகளைப் பார்த்துக்கொண்டு வருகையில், "கிடங்கின் பின்புறம் பாம்பு அடித்த வகையில் கூலி ரூபாய் 200" என்ற சீட்டு ஒன்று அகப்பட்டது. பதிவேட்டையும் சீட்டையும் மேஜைமேல் அருகருகே வைத்துக்கொண்டு, என்ன பாம்பு என்று கேட்டேன்.

"சாரைதான் ஐயா. ஆறடிக்குக் குறையாது. நெடுநாளாய்க் கிடங்குக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஆட்கள் சேர்ந்துதான் முடித்தார்கள்" என்றார் காரியதரிசி.

நெல்லைத் தின்ற எலிக்கு மூன்று மூட்டை எழுதிவிட்டு, எலியைத் தின்ற பாம்பைக் கொல்ல 200 ரூபாயும் கொடுத்திருக்கிறோமே என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் பக்கத்தில் அமர்ந்திருந்த சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. அவர் வயது முதிர்ந்த குடியானவர். "ஐயா, பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இது நல்லதா கெட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்க எவனுக்குத் தைரியம் வரும்? எங்கள் பிள்ளைகள் அந்த வழியாய்த்தானே நடக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. இப்பாடம் முழுவதும் அவருக்கு நான் சொல்ல விரும்பும் விடையேயாகும். நான் பத்தாம் வகுப்பு வரையில் வாசித்தவனேயன்றிப் பிராணி சாஸ்திரம் கற்றவனல்லன். எனக்குத் தெரிந்தது, செங்கற்பட்டு ஜில்லாவில் வேலை பார்த்த காலத்தில் இருளர் வகுப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வயல் வரப்புகளில் அழைத்துச் சென்று காட்டியதும், எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பிறகு கண்டதும், கொஞ்சம் படித்ததும்தான்.

முதலில் எலிக் கணக்கைப் பார்ப்போம், அது நமக்குப் பழக்கமான கணக்கு. வளர்ந்த எலி ஒன்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தானியத்தை ஒரு நாளில் தின்னும். கால் கிலோ எடையுள்ள எலிக்கு அது 25 கிராம், வருஷத்திற்கு 9 கிலோ. தின்பதைக் காட்டிலும் சிறுநீராலும் புழுக்கையாலும் அது பாழாக்குவதும், வயலெலியாயின் வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைப்பதும் அதிகம். சினைப்பட்ட எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஆறு, எட்டு குட்டிகள் சாதாரணம். எலியின் மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருவதும் உண்டு. இவ்வெலிகளைப் பிடிக்கப் பூனை இருக்கிறது, ஆந்தை இருக்கிறது, கிட்டி இருக்கிறது. ஆனால் பூனையும் ஆந்தையும் எலி வெளியே வரும்வரையில் காத்திருக்க வேண்டும். வளைக்குள்ளேயே புகுந்து, குட்டிகள் கிடக்கும் இடத்திற்கே போகக்கூடியது பாம்பு ஒன்றுதான். ஒரு சாரை ஓர் ஊரின் எலிகளை அறவே ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பாம்பு தினந்தோறும் உண்ணும் ஜந்துவன்று. வாரத்திற்கு ஓர் எலி என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்திற்கு ஐம்பது எலியாயிற்று. அவற்றுள் சினையெலிகள் எத்தனை என்பதை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம். இவ்வேலைக்கு அது கூலியும் கேட்பதில்லை, ரசீதும் கொடுப்பதில்லை.

சாரையைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் தோட்டங்களில் அதிகமாய் அடிபட்டுச் சாவது அதுவே. மஞ்சள், பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு எனப் பல நிறங்களில் இருக்கும். மஞ்சட் சாரை, கருஞ்சாரை என்று நாம் பிரித்துச் சொல்வது இந்நிற வேற்றுமையைத்தான். உடலின் பின்பாதியில் கரிய குறுக்குப் பட்டைகளும், உதட்டோரத்தில் செதில்களுக்கிடையே மையால் கோடிழுத்தாற் போன்ற வரிகளும் காணும். கண் பெரியது. பகலிலேயே நடமாடும், மரம் ஏறும், நீந்தும். மனிதரைக் கண்டால் ஓட்டம் பிடிக்கும். வழியடைத்து மூலையில் நிறுத்தினால் கழுத்தைப் புடைத்துச் சீறிக் கடிக்கவும் கடிக்கும். கடித்த இடத்தில் இரத்தம் வரும், எரியும், அவ்வளவே. அதற்கு விஷப்பல்லும் இல்லை, விஷப்பையும் இல்லை.

இதன்மேல் நாம் சுமத்தியிருக்கும் குற்றங்களோ பல. சாரை, பசுவின் பின்னங்கால்களைச் சுற்றிக்கொண்டு மடியில் வாய் வைத்துப் பாலைக் குடித்துவிடும் என்பது ஒன்று. பாம்பின் பற்கள் ஊசிபோல் கூர்மையாய் உட்புறம் வளைந்திருப்பவை. உறிஞ்சிக் குடிப்பதற்கேற்ற உதடும் அதற்குக் கிடையாது. அத்தகைய வாய் மடியில் பட்டால் எந்தப் பசுவும் உதைக்காமல் நிற்காது. மாட்டுக் கொட்டிலில் சாரையைக் காண்பதென்னவோ வாஸ்தவம். புண்ணாக்கும் தவிடும் இருக்குமிடத்தில் எலி இருக்கும், எலி இருக்குமிடத்தில் சாரை இருக்கும். பால் குறைந்ததற்குக் காரணத்தைத் தீனியிலும் கறக்கும் கையிலும் தேடுவது நலம். நாகத்திற்குச் சாரை ஆண் என்றும், இரண்டும் பிணைந்து ஆடுவதைக் கண்ணால் கண்டோம் என்றும் பலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் கண்டது பொய்யன்று, கொண்ட பொருள்தான் தவறு. நாகம் வேறு, சாரை வேறு. இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. அப்படிப் பின்னி நிமிர்ந்து ஒன்றையொன்று கீழே அழுத்தப் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அது மல்யுத்தமேயன்றிக் கலியாணமன்று. அதன்மேல் வெள்ளை வேட்டியைப் போட்டெடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டால் செல்வம் பெருகும் என்று நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். சங்கத்தில் அவர் கடன் மூன்று தவணை பாக்கியாய் நின்றது.

மற்றவற்றைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். கொம்பேறி மூக்கன் என்பது முதுகில் வெண்கல நிறப் பட்டையோடிய, சாட்டைபோல் மெலிந்த பாம்பு. கடித்துவிட்டு, கடிபட்டவனுடைய சிதையின் புகையைப் பார்ப்பதற்காக மரத்தின்மேல் ஏறிக் காத்திருக்கும் என்று இதன்மேல் ஒரு பழி. அது மரத்தில் ஏறுவது பல்லி, ஓணான், தவளை தேடித்தான். அதற்கு மனிதருக்குத் தீங்கு செய்யும் விஷம் இல்லை. கண்ணைக் கொத்தும் என்று பெயர் வாங்கிய பச்சைப் பாம்புக்குச் சிறிதளவு விஷம் உண்டு, ஆனால் அது ஓணானுக்கும் தவளைக்கும் போதுமானதேயன்றி மனிதர் உயிருக்கு அபாயம் செய்வதன்று. (இதே பாம்பைக் கையால் உருவிவிட்டால் சமையல் ருசிக்கும் என்றும் நம் ஸ்திரீகள் சொல்வார்கள். ஒரே ஜந்து கண்ணைக் கெடுப்பதும் குழம்பை மணக்கச் செய்வதும் விந்தைதான்.) குளத்திலும் வாய்க்காலிலும் திரியும் நீர்க்கோலி கோபமுள்ளது, மிதித்தால் உடனே கடிக்கும், இரத்தமும் நன்றாய்க் கொட்டும், விஷமில்லை. பூந்தொட்டி மண்ணைக் கிளறினால் மண்புழு போல நெளியும் புழுப்பாம்பு, காதில் புகுமென்று குழந்தைகளைப் பயமுறுத்தப் பயன்படுவது. அது எறும்பு, கறையான் இவற்றின் முட்டைகளைத் தின்பது. அவ்வினத்தில் எல்லாம் பெண்களே, ஆண் இல்லாமலேயே இனம் பெருக்கும்.

மண்ணுளிப் பாம்பைக் குறித்து மட்டும் இலாகாக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. வால் தலைபோல் மழுங்கியிருப்பதால் செம்மண்ணுளியை இருதலைப் பாம்பு என்பார்கள். ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறுபக்கமும் ஊரும் என்பார்கள், நக்கினால் குஷ்டம் வரும் என்பார்கள். இவை யாவும் பொய். குஷ்டம் என்று அஞ்சிய அதே பாம்பை, வீட்டில் வைத்திருந்தால் புதையல் கிடைக்கும் என்று இலட்சக்கணக்கில் விலை பேசும் கூட்டமும் இருக்கிறது. அதில் பணத்தை இழந்து, பாம்பையும் இழந்து, வழக்கிலும் அகப்பட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். நகையை அடகு வைத்துப் பாம்பு வாங்க வேண்டாம்.

இனிக் கெட்டவற்றுக்கு வருவோம். இந்தியாவில் 300க்கு மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. விஷமுள்ளவை சுமார் 60. அவற்றுள்ளும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயிர்ச்சேதம் விளைவிப்பவை முக்கியமாய் நான்கு: நல்லபாம்பு எனப்படும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாகம் படமெடுத்தால் யாருக்கும் சந்தேகமில்லை. கண்ணாடி விரியன் பருத்த உடலும், முக்கோணத் தலையும், முதுகில் சங்கிலிபோல் கோத்த முட்டை வடிவப் புள்ளிகளும் உடையது. நெருங்கினால் துருத்தி ஊதுவதுபோல் உரக்கச் சீறும். நெல் அறுக்கிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் இதுவே. சுருட்டை விரியன் சிறியது, வறண்ட கல்லாங்கரடுகளில் இருப்பது, உடலைச் சுருட்டிச் செதில்களை உரசிக் கரகரவென்று ஓசை செய்வது. கட்டுவிரியன் மினுமினுக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகளுடையது. பகலில் மண்புற்றிலும் செங்கற் குவியலிலும் ஒடுங்கியிருந்து, இரவில் வீட்டிற்குள் வந்து, தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைப்பது தருமமாகாது. வீட்டுச் சுவரில் பல்லி தேடி ஏறும் சிறு பாம்பு ஒன்று உண்டு, வெள்ளிக்கோல் வரையன் என்பார்கள். விஷமற்றது. ஆனால் அதற்கும் உடலில் வெள்ளைப் பட்டைகள். அதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்றிருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கோ தலைப்பக்கம் மங்கி வால் பக்கம் தெளிவாயிருக்கும். பகல் வெளிச்சத்தில், ஐந்தடி தூரத்தில் நின்று, பழகிய கண்ணுக்கு இது தெரியும். இரவில் அரிக்கேன் வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில், தெரியாது. அப்படியே புள்ளிகளுள்ள மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்று அடித்தவர்களும் உண்டு, கண்ணாடி விரியனை மண்ணுளி என்று கையில் எடுத்து மாண்டவர்களும் உண்டு. ஆகையால், நான் பொறுத்துக்கொள்ளச் சொல்வது, தூரத்திலிருந்தே ஐயமறத் தெரிந்த பாம்பைத்தான். வெள்ளைக் கோடு போட்டதையும், பருத்துப் புள்ளி போட்டதையும் கண்டால் விலகி நின்று, தீயணைப்பு நிலையத்தாருக்கோ வன இலாகாவினருக்கோ சொல்லியனுப்புங்கள். எந்தப் பாம்பையும் கையால் தொட வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். கடிபடுகிறவர்களில் எத்தனையோ பேர் தடியெடுத்துக்கொண்டு கிட்டே போனதனாலேயே கடிபட்டவர்கள். ஆறடிக் கழியின் நீளத்துக்குள் போகாமல் பாம்பை அடிக்க முடியாதல்லவா?

எல்லாப் பாம்பும் விஷமென்று எண்ணுவதில் நஷ்டம் பாம்புக்கு மட்டும் என்று நினைக்கலாம். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயதாயிருக்கையில், என் பெரியப்பா மகனைக் குளத்துப் படியில் ஒரு பாம்பு கடித்தது. காலில் இரத்தம் ஒழுகிற்று. பக்கத்து ஊர் மாந்திரீகரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் வேப்பிலை அடித்து, ஏதோ பச்சிலைச் சாற்றைப் புகட்டி, நள்ளிரவுக்குள் விஷம் இறங்கிவிட்டது என்றார். அண்ணன் மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போனான். மாந்திரீகருக்கு வேட்டியும் நெல்லும் கொடுத்தோம், சுற்றுவட்டாரமெங்கும் அவர் கைராசி பரவிற்று. இப்பொழுது நினைத்துப் பார்த்தால், தண்ணீரில் மீன் பிடித்துக்கொண்டிருந்து, மிதிபட்டுக் கடித்த அது நீர்க்கோலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இறங்குவதற்கு விஷமே இல்லாத உடம்பிலிருந்து அவர் விஷத்தை இறக்கினார்.

இரண்டு ஆண்டு கழிந்து ஆவணி மாதத்தில் ஓரிரவு, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பெரியம்மா, வயிறு வலிக்கிறதென்று விடியுமுன் எழுந்தார். கையில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சிறு தடிப்பைத் தவிர வேறொன்றுமில்லை. சற்று நேரத்தில் கண்ணிமைகள் தாமாய் மூடிக்கொண்டன, பேச்சுக் குழறிற்று. ஏழு மைலில் சர்க்கார் ஆஸ்பத்திரி, முதல் பஸ் ஐந்தரை மணிக்கு. ஆனால், "பிள்ளையைப் பிழைக்க வைத்த கையல்லவா?" என்று எல்லாரும் மாந்திரீகரிடமே கொண்டுபோனார்கள். வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கையிலேயே மூச்சு நின்றது. பிறகு வீட்டைத் தேடியபோது, குதிருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது கட்டுவிரியன். அன்று மாலை எங்கள் தெருவார் தடிகளோடு புறப்பட்டு, வைக்கோற்போரிலிருந்த இரண்டு சாரைகளையும் கிணற்றடியிலிருந்த ஒரு நீர்க்கோலியையும் அடித்து மரத்தில் தொங்கவிட்டார்கள். மாந்திரீகர் பெயருக்கு யாதொரு குறைவும் வரவில்லை, விதி முடிந்தவளை யார் காப்பாற்ற முடியும் என்றார்கள்.

இத்தகைய புகழெல்லாம் எப்படி உண்டாகிறதென்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷமுள்ளதும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் வெறுங்கடி கடிப்பதுண்டு. ஆகவே பத்துப் பேருக்கு மந்திரித்தால் பலர் பிழைக்கத்தான் பிழைப்பார்கள். எஞ்சியவர்களே நமக்கு முக்கியம். 2020 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 இலட்சம் பேர். வருஷத்திற்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமவாசிகள், கால் பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2024 நவம்பரில், பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாய் அறிவித்தார்கள்.

கடித்தது எதுவாயினும், நீர்க்கோலிதான் என்று நீங்களே நிச்சயித்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108க்குச் சொல்லுங்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல், எலும்பு முறிந்தவனுக்குச் செய்வதுபோல் ஒரு சட்டத்தோடு சேர்த்துத் தளர்த்தியாய்க் கட்டுங்கள். இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீமையே. பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். வைத்தியர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார், இமைகளைப் பார்ப்பார். ஒரு நாள் முழுதும் வைத்துப் பார்த்தே வீட்டுக்கு அனுப்புவார். விஷமுறிவு மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

அம்மருந்து எங்கிருந்து வருகிறதென்பது சங்கத்தார்க்குப் பெருமை தரக்கூடிய செய்தி. குதிரைக்குச் சிறிது சிறிதாய்ப் பாம்பின் விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது அது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பவர்களோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தார். மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அது. முன்னாட்களில் இருளர் பாம்பைப் பிடித்துத் தோலை வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தனர். சாரைத் தோல் கப்பல் கப்பலாய் வெளிநாடு சென்றது. 1972 ஆம் வருஷத்து வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டத்தாலும், சில ஆண்டுகளில் வந்த ஏற்றுமதித் தடையாலும் அப்பிழைப்பு நின்றது. பசியோடு நின்றவர்களுக்கு ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால் இச்சங்கம் உண்டாயிற்று. அங்கத்தினர் பிடித்து வரும் நால்வகைப் பாம்புகளை மண்பானைகளில் வைத்து, சில வாரங்களுக்குள் சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கொன்று ஒரு தரம் தோலை விற்பதற்கும், உயிரோடு விட்டு விஷத்தை விற்பதற்கும் உள்ள வேற்றுமையை முதல், வட்டி அறிந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சட்டத்தைப் பற்றிச் சொன்னதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சாரையைக் கொல்வது அச்சட்டப்படி குற்றம். அந்த 200 ரூபாய்ச் சீட்டை நான் ஆட்சேபித்ததற்கு அதுவே எழுத்து மூலமான காரணம்.

பொறுத்துக்கொள்வது என்பது ஒரு நாளில் வருவதன்று. எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கப்பால் நொச்சி வேலியோரம் ஒரு சாரை வந்து தங்கிற்று. என் தாயார் என்னோடிருக்கிறார். மாண்ட பெரியம்மா அவருடைய கூடப்பிறந்த தமக்கை. ஆகவே நான் மேலே எழுதியிருப்பதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏனப்பா, அக்காளைத் தின்றது போதாதா?" என்றார். அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழிட்டு, பத்து நாள் அந்தப் பக்கமே போகாமலிருந்தார். நான் தர்க்கம் செய்யவில்லை. கதவுக்கும் வேலிக்கும் நடுவே முப்பதடி நிலத்தைப் புல்லில்லாமல் செதுக்கிவிட்டேன். சுவரோரம் அடுக்கியிருந்த விறகை எடுத்துத் தோட்டத்தின் கோடியில், தரையிலிருந்து ஓரடி உயரமுள்ள பரண்மேல் அடுக்கினேன். வீட்டுச் சுவரிலிருந்த எலிப்பொந்துகளைக் கண்ணாடித் துண்டும் சிமிட்டியும் வைத்து அடைத்தேன். சாக்கடைக் குழாயின் வாய்க்குக் கம்பிவலை போட்டேன். அம்மா தரையில் படுப்பதை நிறுத்திக் கட்டிலும் கொசுவலையும் ஏற்பாடு செய்தேன். கட்டுவிரியனுக்குச் செய்ய வேண்டிய காரியம் இதுவே. சாரையை அடிப்பதால் கட்டுவிரியன் குறையாது.

பதினோராம் நாள் அம்மா கதவைத் திறந்து, படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். பாம்பு வேலியோரத்தில் வெயில் காய்ந்தது. இருவரும் அவரவர் இடத்தில் இருந்தனர். ஒரு மாதம் சென்று, பெருச்சாளிக் குட்டியொன்றை அது வாயில் கவ்விச் செல்வதைப் பார்த்துவிட்டு வந்து, "உன் குடித்தனக்காரர் இன்றைக்கு வாடகை கொடுத்தார்" என்றார். இன்றுவரையில் அவருக்கு அதனிடம் பிரியமில்லை. காலைத் தரையில் ஓங்கி மிதித்து, அது நகரும் வரையில் நின்று, பிறகு கிணற்றடிக்குப் போகிறார். இரவில் டார்ச் விளக்கில்லாமல் வெளியே வருவதில்லை. என் மகளுக்கு எந்தப் பாம்பையும் தொடக்கூடாதென்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. இவ்வளவுதான் நான் வேண்டுவதும். பாலூற்றிப் பூஜிக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அது பாலைக் குடிப்பதும் இல்லை.

கோழி வளர்ப்போர்க்கு உண்மையான குறை ஒன்றுண்டு. சாரை சில சமயம் குஞ்சையும் முட்டையையும் எடுக்கும். இதை இல்லையென்று சொல்பவர் கோழி வளர்த்தறியாதவர். கோழிக்கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை நாற்புறமும் அடியிலும் அடித்து, அந்தியில் குஞ்சுகளை அடைத்துவிட்டால் எலி, கீரி, பாம்பு மூன்றுக்கும் அதுவே காவல். ஆனால் காய்கறிப் பாத்தியைச் சுற்றி நைலான் மீன்வலையைக் கட்டாதீர்கள். சாரை அதில் சிக்கி, இழுக்க இழுக்க நூல் இறுகி, இரண்டு நாள் வெயிலில் துடித்துச் சாகிறது. விடுவிக்கப் போகிறவர்களும் கடிபடுகிறார்கள். எலிக்கு விஷம் வைப்பதாயின் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள், அவற்றைத் தின்னும் ஆந்தையும் பூனையும் பாம்பும் கூடவே போய்விடும்.

அந்தச் சங்கத்துக்கு இவ்வாண்டு தை மாதத்தில் மறுபடியும் போயிருந்தேன். கிடங்கில் மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரச்சட்டங்களின்மேல் அடுக்கியிருந்தார்கள். கதவின் அடியில் தகரம் அடித்திருந்தது. எலிச் சேதம் ஒரு மூட்டை. பின்புறத்தில் சற்றிளைய சாரையொன்று வந்திருப்பதாய்க் காரியதரிசி சொன்னார். தலைவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. புறப்படும் சமயத்தில், தம் வீட்டுக் கோழிக் குஞ்சு இரண்டை அது கொண்டுபோயிற்றென்றும், அது சங்கத்துப் பாம்பாகையால் அந்நஷ்டத்தைப் பொதுநல நிதியிலிருந்து ஈடு செய்ய விதியுண்டா என்றும் கேட்டார். உபவிதிகளைப் புரட்டிப் பார்த்து, இடமில்லை என்றேன். கம்பிவலை வாங்கச் சங்கத்தில் சிறு கடன் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார்.